மனசு வற்றிப்போன நேரத்தில் திருவண்ணாமலை: கூட்டமில்லாத கிரிவலம் எப்படிப் போவது?

கோடைமழை (இழையைத் தொடங்கியவர்)

உடம்புக் களைப்பு இல்லை இது. தூங்கி எழுந்தாலும் உள்ளே காய்ந்து கிடக்கிறது. விளக்கேற்றினால் கை ஏற்றுகிறது, மனம் வருவதில்லை. வீட்டில் எல்லோரும் அண்ணாமலைக்குப் போய் மலையைச் சுற்றிவிட்டு வரச் சொல்கிறார்கள். பௌர்ணமிக் கூட்டத்தை நினைத்தாலே இன்னும் அலுப்பாக இருக்கிறது. எனக்கு வேண்டியது மலை, மரம், காற்று, கொஞ்சம் அமைதி. நாள், நேரம், எடுத்துப்போக வேண்டியவை, எங்கெங்கே சொதப்பும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சென்னையிலிருந்து கிளம்பணும், மூன்று நாள் லீவு போடலாம். வயது 44, சர்க்கரை கிடையாது, லேசான பி.பி. மாத்திரை உண்டு.

தேய்பிறை

முதலில் நாளைச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் தப்பு பண்ணுவது அங்கேதான். பௌர்ணமி வேண்டாம், அதற்கு முந்தின நாளும் மறுநாளும் வேண்டாம். திதி இரண்டு தேதியில் பரவிக் கிடக்கும், கூட்டமும் அப்படியே. சனி, ஞாயிறு மாலைகளும் இப்போது சின்னப் பௌர்ணமிதான். கார்த்திகை தீபத்தை ஒட்டிய பத்து நாளில் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள்.

நல்ல நாள், தேய்பிறையில் சஷ்டியிலிருந்து தசமிக்குள் வரும் ஒரு புதன் அல்லது வியாழன். காரணம் இருக்கிறது. அஷ்டமி வாக்கில் நிலா நள்ளிரவில்தான் எழும், விடியற்காலை நாலரைக்கு நல்ல உயரத்தில் நிற்கும். பாதையில் தெருவிளக்கு உண்டு என்றாலும், விளக்கு விட்டுப்போன இடங்களில் மலையின் விளிம்பு தெரிவதற்கு அந்த அரை நிலா போதும். பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்குக் கிடைக்காத காட்சி அது.

அடுத்து, எங்கிருந்து தொடங்குவது. சுற்று 14 கி.மீ. பெரும்பாலோர் ரமணாசிரமம் பக்கம் அறை எடுப்பதால் அங்கிருந்தே நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஈசான்ய லிங்கம் (வழியில் வரும் எட்டு லிங்கங்களில் கடைசி), பேருந்து நிலையம், தேரடி வீதி, செங்கம் சாலை எல்லாம் காலை ஒன்பது பத்து மணிக்கு வரும். வெயில், ஹாரன், பஸ் புகை. ஐந்து மணி நேரம் சேர்த்த அமைதி அந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில் கரைந்துவிடும். அதற்குப் பதிலாக நாலு மணிக்கு ஆட்டோ பிடித்து ராஜகோபுரத்துக்குப் போய்விடுங்கள். ஊர் தூங்கும்போதே இந்திர லிங்கம், அக்னி லிங்கம் தாண்டி, நாலே முக்காலுக்கு ரமணாசிரம வாசல், ஐந்துக்கு எம லிங்கம். செங்கம் சாலையை விட்டு வலதுபக்கம் கிரிவலப் பாதையில் திரும்பி, நிருதி லிங்கம் வரும்போது வெளுக்கத் தொடங்கும். அடி அண்ணாமலைப் பக்கம் ஆறே முக்கால், குபேர லிங்கம் எட்டேகால், ஈசான்யம் ஒன்பது. நடுவில் உட்கார்ந்து எழுவதற்கான நேரத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

மூன்று நாள் லீவு என்றால் முதல் நாளே நடக்கவே கூடாது. கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம். வந்த அன்று இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். இரண்டாம் நாள், மலைமேல் ரமணர் தங்கியிருந்த ஸ்கந்தாசிரமம் மட்டும். மூன்றாம் நாள் விடிகாலையில் சுற்று, மதியம் தூக்கம், மாலை பஸ். வந்த வேகத்திலேயே இரவோடு இரவாகச் சுற்றிவிட்டு மறுநாள் ஆபீசுக்கு ஓடுகிறவர்கள்தான், ஒன்றும் கிடைக்கவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறார்கள்.

மேற்கு_வாசல்

தேய்பிறை சொன்ன நேரக் கணக்கு சரி. ஆனால் பௌர்ணமியை இவ்வளவு ஒதுக்க வேண்டியதில்லை. லட்சக்கணக்கான பேர் ஒரே நாமத்தைச் சொல்லிக்கொண்டு நடக்கும்போது தனி ஆளின் பாரம் அதில் கரைந்துவிடும். தனியாக நடந்தால் மனசு பழைய கவலையையே அரைத்துக்கொண்டிருக்கும். சிலருக்குக் கூட்டம்தான் மருந்து.

விதிகள் இரண்டு மூன்று சொல்லிவிடுகிறேன். மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்கும். சாலையின் இடது ஓரமாக நடக்க வேண்டும். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களும் தேவர்களும் சுற்றுவதாக ஐதீகம், அவர்களுக்கு வழி விடணும். எங்கே தொடங்கினாலும் அங்கேயே முடிக்கணும். நடை, நிறைமாதக் கர்ப்பிணி நடப்பது போல. கை வீசி, மூச்சு வாங்கி நடந்தால் அது வாக்கிங், வலம் இல்லை.

தேய்பிறை

கூட்டம் சிலருக்கு ஒத்துப்போகும், மறுக்கவில்லை. இழையைத் தொடங்கியவர் கேட்டது அமைதி. பௌர்ணமியன்று ஒலிபெருக்கி, அன்னதானத் தட்டுக் குவியல், கழிப்பறை வரிசை எல்லாம் சேர்ந்தே வரும். மெதுவாக நடக்கலாம் என்று பார்த்தாலும் பின்னால் வருகிறவர் விடமாட்டார்.

இடது ஓரம் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் இடது ஓரமாக நடந்தால் வண்டி முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். பெரும்பாலான தூரத்துக்கு நடைபாதை போட்டிருக்கிறார்கள், அதை விட்டு இறங்காதீர்கள். செங்கம் சாலைப் பகுதியில் விடிகாலை லாரிகள் வேகமாகப் போகும். வெளிர்நிறச் சட்டை, முதுகுப் பையில் ஒரு துண்டு ரிஃப்ளெக்டர் பட்டை. காதில் இயர்போன் கூடவே கூடாது.

செம்போத்து

மலை, மரம் என்று கேட்டதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். அண்ணாமலை 814 மீட்டர் உயரம், ஊர்த் தரையிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 600 மீட்டர் எழும்பி நிற்கும் பாறை. காலையில் அதன் நிழல் மேற்குப் பக்கம் விழும். அதனால் கிழக்கே வெயில் ஏறிய பிறகும் அடி அண்ணாமலைப் பக்கம் ஏழு, ஏழேகால் வரைக்கும் குளிர்ச்சி இருக்கும். மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் நிழல் வடமேற்கே சாயும். வாயு லிங்கம் பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். சித்திரையிலிருந்து ஆடி வரை நேர்மாறு, நிருதி லிங்கத்துப் பக்கம் நிழல். உட்காரும் இடத்தை இதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

இது மழைக்காடு இல்லை. முட்புதர், வறண்ட இலையுதிர் காடு, மேல்சரிவெல்லாம் சுக்குநாறிப்புல். மாசியிலிருந்து காய்ந்துபோய்த் தீப்பிடிக்கும். ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் உள்ளூர்க்காரர்களும் ஆசிரமத்தை ஒட்டிய தன்னார்வக் குழுக்களும் பல வருஷம் கன்று நட்டுத்தான் இன்றைய பச்சை வந்திருக்கிறது. தெற்குச் சரிவில் ஸ்கந்தாசிரமம் போகும் வழியைப் பார்த்தாலே புரியும்.

கேட்க வேண்டியவை: நாலரை ஐந்துக்குக் கரிச்சான் முதலில் ஆரம்பிக்கும், இருட்டு விலகுவதற்கு முன்பே. பிறகு மயில். ஐந்தரைக்குமேல் செம்போத்தின் அடிவயிற்றுக் குரல், அப்புறம் தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் சண்டை. இந்த வரிசையைக் கவனிக்கிறவருக்குப் பேசத் தோன்றாது. பேர் தெரியவில்லையே என்று செயலியைத் திறக்க வேண்டாம், திறந்தால் வாட்ஸ்ஆப்பும் கூடவே திறக்கும்.

உள்பாதை என்று காட்டுக்குள் ஒரு சுற்று உண்டு. வனத்துறை அதை மூடியிருக்கிறது. யாராவது வழிகாட்டுகிறேன் என்று பணம் கேட்டால் போகாதீர்கள். மலையுச்சிக்கு ஏறுவதும் அப்படித்தான். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த வருஷ மகாதீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. பாறைமேல் மண் மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது, நல்ல மழை பெய்தால் பிடிப்பு விட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கனமழை அறிவிப்பு இருந்தால் ஸ்கந்தாசிரமப் பாதையையும் தள்ளிப்போடுங்கள்.

கோடைமழை

நன்றி. செருப்பு? வெறுங்காலோடுதான் போகணும் என்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டுப் பழகிய கால் இது.

கல்லும்முள்ளும்

வெறுங்கால் மரபு, ஆனால் பழகாத காலுக்கு 14 கி.மீ. ஒரேயடியாகத் தண்டனை. என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நாலைந்து கிலோமீட்டரில் முன்பாதத்தின் மேடு சூடாகும். அப்போதே நிறுத்திவிட்டால் ஒன்றும் ஆகாது. பொருட்படுத்தாமல் நடந்தால் ஏழாவது எட்டாவது கிலோமீட்டரில் தோலுக்கும் சதைக்கும் நடுவே நீர் கோத்துக்கொள்ளும். பிறகு காலைச் சாய்த்து வைத்து நடக்க ஆரம்பிப்பீர்கள், முழங்கால் வலி அதிலிருந்துதான் வருகிறது.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே மொட்டை மாடியிலோ தெருவிலோ தினம் 15 நிமிஷம் வெறுங்காலோடு நடந்து, வாரத்துக்கு 10 நிமிஷம் கூட்டுங்கள். நகத்தை நாலு நாள் முன்பு வெட்டுங்கள், முந்தின ராத்திரி வெட்டினால் ஓரம் குத்தும். அன்றைக்குக் கால் ஈரமாக இருக்கக் கூடாது. ஊறின தோல் சீக்கிரம் உரியும். தொடை உரசும் உடம்பு என்றால் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின்.

பழக நேரமில்லையா? தடித்த பருத்திக் காலுறை இரண்டு சோடி, ஒன்றின்மேல் ஒன்று. உராய்வு இரண்டு துணிக்கு நடுவே போய்விடும், தோலுக்கு வராது. கோயில் வாசல்களில் கழற்றிக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் பழைய செருப்பே போட்டு நடங்கள். புதுச் செருப்பு வேண்டாம். பங்குனி முதல் ஆனி வரை எட்டரைக்குமேல் தார் கொதிக்கும். அந்த மாதங்களில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பாவிட்டால் கடைசி மூன்று கிலோமீட்டர் ஓட்டமும் குதிப்புமாகத்தான் போகும்.

சர்க்கரை உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், பாத உணர்வு குறைந்திருந்தால் வெறுங்கால் வேண்டவே வேண்டாம். கொப்புளம் வந்ததே தெரியாது, புண்ணாகித்தான் தெரியும்.

மருந்துப்பெட்டி

வேறு ஒன்று கேட்கணும். இந்த வறட்சி எத்தனை நாளாக? இரண்டு வாரத்துக்குமேல் தினமும் இருந்தால், பசி, தூக்கம் மாறியிருந்தால், பிடித்த எதிலும் பிடிப்பில்லை என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மலை அதற்குத் துணை மருந்து மட்டும்தான். இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருதரம் வந்திருந்தாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

உடம்பையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் (பெண்களுக்கு 12க்குக் கீழ், ஆண்களுக்கு 13க்குக் கீழ் என்றால் ரத்தசோகை), தைராய்டுக்கு டி.எஸ்.எச்., பி12. உள்ளே காய்ந்து கிடக்கிறது என்று வருகிறவர்களில் கணிசமானவர்களுக்குக் காரணம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். ரத்தசோகையோடு 14 கி.மீ. நடந்தால் திரும்பி வரும்போது இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

பி.பி. மாத்திரையை அன்றைக்கு நிறுத்தாதீர்கள். சிறுநீரை அதிகம் போகவைக்கும் மருந்து கலந்ததாக இருந்தால் எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள், நடுவழியில் கழிப்பறை தேட வேண்டியிருக்கும். தண்ணீர் ஐந்து மணி நேரத்துக்கு இரண்டு லிட்டர். ஒரேயடியாகக் குடிக்காமல் இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் நாலைந்து வாய். வியர்வை அதிகம் என்றால் ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட், கடை இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கண்ணளவில் அள்ளிப் போடக் கூடாது, உங்களுக்கு பி.பி. வேறு. நடுவில் நெஞ்சு அழுத்தம், இடது கை வலி, தலைசுற்றல் எது வந்தாலும் வேண்டுதலை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ ஏறுங்கள்.

கணக்குப்பிள்ளை

மலை ஆற்றல், காந்த அலை என்று யாரும் தொடங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம். பச்சை வெளியில் நேரம் கழித்தால் மனம் தேறுகிறது என்பதற்கு நம்பகமான ஆய்வுகள் இருக்கின்றன. மருத்துவமனை ஜன்னலில் மரம் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். ஜப்பானில் வனத்துறையே 1982இல் ஷின்ரின் யோகு, அதாவது காட்டில் நனைதல், என்று ஒரு பழக்கத்தை அறிமுகம் செய்தது. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் தகவலை வைத்து 2019இல் வந்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிஷமாவது இயற்கைவெளியில் இருப்பவர்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் இருந்தாலும் பிரித்து இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதில் ஒரு ஓட்டை உண்டு, அதையும் சொல்லணும். நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற கேள்வியை அந்த இங்கிலாந்து ஆய்வு முழுசாகத் தீர்க்கவில்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒருதரம் 14 கி.மீ. என்பதைவிட வாரா வாரம் இரண்டு மணி நேரம் பலன் தரும் என்பது என் கட்சி. கிரிவலம் தொடக்கமாக இருக்கட்டும்.

மேற்கு_வாசல்

ஆய்வு சொல்வதற்கு முன்பே இங்கே மெதுவாகத்தான் சுற்றினார்கள். ரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்தவர், 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகை, பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமம். அவரும் அன்பர்களும் கிரிவலம் கிளம்பினால் அங்கங்கே தங்கி, சமைத்து, உட்கார்ந்து, ஒரு நாள் முழுக்கவும் சில சமயம் இரண்டு மூன்று நாளும் எடுத்துக்கொள்வார்கள். இன்று மூன்று மணி நேரத்தில் முடித்தேன் என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம். வேகத்தைப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்ததிலிருந்துதான் வலம் கெட்டுப்போச்சு. இந்த விஷயத்தில் கணக்குப்பிள்ளையோடு எனக்குச் சண்டை இல்லை!

செம்போத்து

நடக்கும்போது மனசை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. தலைக்குள் கவலை ஓடுவதை நிறுத்த முயல வேண்டாம், முயன்றால் இரண்டு மடங்காகும். ஒவ்வொரு லிங்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு புலனை மட்டும் வேலை வாங்குங்கள். அக்னியிலிருந்து எமன் வரை உள்ளங்கால்: தார், டைல், மணல், குளிர், சூடு. எமனிலிருந்து நிருதி வரை காது. நிருதியிலிருந்து வருணன் வரை கண், அதுவும் மலையின் விளிம்பை மட்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மலை வேறு வடிவம் காட்டும். வருணனிலிருந்து வாயு வரை மூச்சு: நாலு அடிக்கு உள்ளே, ஆறு அடிக்கு வெளியே. தலை லேசாகச் சுற்றினால் எண்ணுவதை விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். வாயுவுக்குப் பிறகு எதுவும் வேண்டாம், சும்மா நடங்கள்.

அடி அண்ணாமலைப் பக்கத்தில் ஒரு இருபது நிமிஷம் உட்காரணும். மலையைப் பார்த்து, முதுகுக்கு மரமோ சுவரோ இருந்தால் நல்லது. முதல் ஏழெட்டு நிமிஷம் எழுந்துவிடத் தோன்றும், போன் தேடும். அது தாண்டிய பிறகுதான் உட்கார்ந்ததே கணக்கு. அதனால் பத்து நிமிஷ நிறுத்தம் இரண்டைவிட இருபது நிமிஷம் ஒன்று மேல்.

தேய்பிறை

ஸ்கந்தாசிரமம் பற்றி இரண்டு வரி. ரமணாசிரமத்தின் பின்வாசலிலிருந்து கல் பாவிய பாதை, நிதானமாக ஏறினால் நாற்பது நிமிஷம். காலை எட்டரை வாக்கில் திறப்பார்கள், நேரத்தை ஆசிரம அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஊற்றும் மரநிழலும் உண்டு. மேலே நெருங்கும்போது ஊரும் கோயிலின் கோபுரங்களும் அப்படியே கீழே தெரியும். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். குரங்குக்குச் சத்தம் கேட்டாலே போதும், பறித்துவிடும். வாழைப்பழம், கடலை மிட்டாய் எல்லாம் ஜிப் போட்ட பைக்குள். பறித்தால் இழுபறி செய்யாமல் விட்டுவிடுங்கள், கடி பட்டால் வெறிநாய் ஊசி போட வேண்டியிருக்கும்.

விடிகாலை நாய்களும் உண்டு, கூட்டமாக வரும். ஓடக் கூடாது, கண்ணை நேராகப் பார்க்கக் கூடாது, கையில் ஒரு குச்சி தாழ்த்திப் பிடித்தபடி அதே வேகத்தில் கடந்து போங்கள். பெண்கள் தனியாக என்றால் நாலு மணிக்குக் கிளம்பாமல் ஐந்து, ஐந்தேகாலுக்கு ரமணாசிரம வாசலிலிருந்து தொடங்கலாம். தினமும் அந்நேரத்துக்குச் சுற்றுகிற உள்ளூர்க்காரர்கள் நாலு பேராவது முன்னும் பின்னும் இருப்பார்கள். ஊர்ப்பகுதி வெயிலில் வரும், அதை ஆட்டோவில் முடித்தாலும் அண்ணாமலையார் கோபிக்கமாட்டார்.

பணம்: சில்லறையாக நூற்றைம்பது, இருநூறு ரூபாய் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லிங்கத்திலும் தட்டு நீளும். கொடுப்பதா வேண்டாமா என்று எட்டு இடத்தில் மனசுக்குள் வழக்காடுவது பெரிய சோர்வு. கொடுப்பது என்று முடிவெடுத்தால் எல்லா இடத்திலும் ஒரே தொகை, இல்லையென்றால் எங்கும் இல்லை. காவி கட்டியவர் கையைப் பிடித்துத் தோஷம் சொன்னால் கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

பசுமைப்பாதை

வெள்ளியங்கிரி போனால் இன்னும் நல்ல காடு ஆச்சே? ஏழு மலை, மேலே சுயம்பு லிங்கம், கடுங்குளிர். கிரிவலம் தார் ரோடுதானே.

மருந்துப்பெட்டி

உற்சாகமாக இருக்கிறவர்களுக்குச் சரி. வற்றிப்போன ஆளை அங்கே அனுப்பாதீர்கள். பூண்டியிலிருந்து செங்குத்துப் படி, ராத்திரி ஏற்றம், தூக்கம் கெடும், திரும்பி இறங்கும்போது முழங்கால் நடுங்கும். அனுமதி பிப்ரவரி முதல் மே வரைதான். அதிலும் ஒவ்வொரு சீசனிலும் மூச்சுத்திணறி, நெஞ்சுவலியில் இறந்தவர்கள் செய்தி வராமல் போவதில்லை. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களை வனத்துறையே தவிர்க்கச் சொல்கிறது. சதுரகிரியும் அப்படித்தான், தாணிப்பாறையிலிருந்து ஓடையைக் கடந்து போகணும். 2015இல் திடீர் வெள்ளத்தில் உயிரிழப்பு நேர்ந்த வழி அது. கிரிவலத்தின் பெரிய வசதியே, எந்த இடத்தில் முடியவில்லை என்றாலும் ஆட்டோ கூப்பிடு தூரத்தில் இருப்பதுதான்.

காவிரிக்கரை

இந்துவாக இல்லாதவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால்: சாலை பொது, யாரும் சுற்றலாம். பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்ரி லெ சோ, பின்னாளில் அபிஷிக்தானந்தர், 1950களில் அண்ணாமலைக் குகைகளில் மௌனமாகத் தங்கியவர். அவரும் ஜூல் மோன்ஷானினும் 1950இல் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமம் குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையிலேயே இருக்கிறது. தென்னையும் குடிலும் அமைதியும் உண்டு. நடக்க முடியாதவர்களுக்கு அது நல்ல இடம். கொடைக்கானல் பெருமாள்மலையில் ஆமா சாமி என்ற இயேசு சபைக் குரு நிறுவிய போதி ஸெண்டோ என்ற ஜென் தியான மையம் இன்னொன்று. அங்கே தியான அட்டவணை கண்டிப்பானது, காலை மடக்கி உட்கார முடியாதவர்கள் நாற்காலி கேட்டு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இரண்டு இடத்துக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கக் கூடாது. ரமணாசிரமத்தில் தங்கவும் அப்படித்தான், பல வாரம் முன்பே எழுதிக் கேட்கணும்.

வடமராட்சி

இலங்கையில இருக்கிற ஆக்களுக்குச் சிவனொளிபாத மலை இருக்குது, 2,243 மீற்றர். மார்கழிப் போயாவில (பௌர்ணமியில) இருந்து வெசாக் (வைகாசிப் பௌர்ணமி) வரைக்கும்தான் காலம். ஆனா மருந்துப்பெட்டி சொன்ன கதைதான் அதுக்கும், ஆயிரக்கணக்கான படி, நித்திரை முழிச்சு ஏறவேணும். களைச்சுப்போன ஆக்கள் நல்லதண்ணி எண்ட அடிவார ஊருக்குப் போய் ஒரு இரவு தங்கி, அடிவாரத்துத் தேயிலைத் தோட்டத்துக்குள்ள காலமை நடந்திட்டு வந்தாலே போதும். கிரிவலத்துக்கு வாறவை விமானத்தால இறங்கின கையோட நடக்க வேண்டாம், ஒரு நாள் நித்திரை கொண்டுட்டுப் போங்கோ.

கோடைமழை

ரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்கிவிட்டேன். தேய்பிறை புதன் ஒன்றைக் குறித்திருக்கிறேன். திரும்பி வந்த பிறகு சென்னையிலேயே வாரம் இரண்டு மணி நேரத்துக்கு எங்கே போகலாம்? பூங்கா எல்லாம் ஒரே நடைப்பயிற்சிக் கூட்டம்.

கணக்குப்பிள்ளை

அடையாறு தியாசபிகல் சொசைட்டி வளாகம். பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989 புயலில் சாய்ந்தாலும் விழுதுகள் நின்று காடாகவே இருக்கின்றன. பொதுமக்களுக்குச் சில மணி நேரம்தான் திறப்பார்கள், ஞாயிறு விடுமுறை, போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நன்மங்கலம் காப்புக்காடு புதர்க்காட்டுக்கு. வேறு எதுவும் வேண்டாம் என்றால் பெசன்ட் நகர்க் கடற்கரை, காலை ஐந்தே முக்கால், கோயில் பக்கத்தை விட்டு அடையாறு முகத்துவாரம் நோக்கி. வாரத்துக்கு நாற்பது நிமிஷம் மூன்று தடவை என்று பிரித்தால் ஆபீஸ் நாளிலும் நடக்கும்.

செம்போத்து

மதுரைக்காரர்களுக்கு அரிட்டாபட்டி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குடைவரைக் கோயில், சமணப் படுகை, சுனை, மேலே வல்லூறு, ராஜாளி. ஊர்மக்கள் காப்பாற்றி வைத்த இடம் என்பதால் மைக்செட், பாட்டில் எதுவும் கொண்டுபோகாதீர்கள். கீழக்குயில்குடி சமணர் மலையும் நல்லது, ஆனால் ஞாயிறு சாயங்காலம் செல்பிக் கூட்டம்.

கல்லும்முள்ளும்

கோடைமழைக்கு ஒன்று விட்டுப்போச்சு. நடந்து முடித்ததும் கோயிலுக்குள் தரிசனம் என்று போய் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்காதீர்கள். நடந்த கால் ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் கீழே தேங்கி வீங்கும், மயக்கம் வரும். தரிசனத்தை முந்தின நாள் மாலையே முடித்துவிட்டு, சுற்று முடிந்ததும் நேராக அறைக்குப் போய் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கால் வைத்துவிட்டு, சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள். கொப்புளம் வந்திருந்தால் ஊசியால் குத்த வேண்டாம், அப்படியே பஞ்சு வைத்துக் கட்டினால் நாலைந்து நாளில் தானாக வற்றும்.

கோடைமழை

தரிசனத்தை முந்தின நாளுக்கு மாற்றிவிட்டேன். காலுறை இரண்டு சோடி வாங்கணும். நிருதி லிங்கத்துக்குப் பிறகு விடியற்காலையில் டீக்கடை திறந்திருக்குமா?

தேய்பிறை

சாதா நாளில் அடி அண்ணாமலை ஊருக்குள் ஆறரைக்குமேல் ஒன்றிரண்டு திறந்திருக்கும். அதற்கு முன்னால் எதையும் நம்பாதீர்கள், பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.